சம்பந்திக்கு விற்ற வண்டி

ஸ்ரீரங்கத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அழகிரி, விற்கிற பொருளின் குறையை மறைப்பதைப் பாவமாக நினைத்ததே இல்லை. வாங்க வருகிறவர் இல்லாத குறையைச் சொல்லி விலையை இறக்குவார். விற்கிறவர் இருக்கிற குறையைச் சொல்லாமல் விலையை நிறுத்துவார். இரண்டு பேரும் பொய் சொன்னால் யாருக்கும் மோசமில்லை. கடைத்தெருவில் அதற்கு வியாபாரம் என்று பெயர்.

சங்கடம் என்னவென்றால், சின்னையா பேரமே பேசவில்லை.

முக்கொம்பு போகும் வழியில் நர்சரி வைத்திருக்கும் சின்னையா, அழகிரியின் மகள் மகாலட்சுமிக்கு மாமனார். செடி ஏற்ற வண்டி தேடிக்கொண்டிருந்தார். அழகிரியிடம் எழுபதுகளில் பிறந்த பிக்கப் ஒன்று இருந்தது. நீண்ட மூக்கு, உருண்டைக் கண், பெயிண்ட் மட்டும் புதுசு. "சம்பந்தி சொல்றதுதான் விலை" என்று, வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் மனிதர்.

அவர் வருவதற்கு முந்தின நாள் அழகிரி ஒரு சின்ன வேலை செய்திருந்தார். மீட்டர் போர்டில் சார்ஜ் லைட் என்று ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சாவி போட்டால் எரியும். இன்ஜின் ஓடினால் அணைந்துவிட வேண்டும். இந்த வண்டியில் அது அணையாமல், ஓட ஓடக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. பார்க்கிறவருக்கு எதற்கு வீண் கவலை என்று பல்பைக் கழற்றி எறிந்துவிட்டார்.

சின்னையா வீட்டுக்குப் போனதிலிருந்து வண்டி ஓடும், நிறுத்தினால் கிளம்பாது. பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. மகாலட்சுமி போன் செய்தாள். "அப்பா, ஒரு நடை வந்துட்டுப் போங்க. அத்தை வாயைத் திறந்தா உங்க வண்டிப் பேச்சுதான். என்னால தலை நிமிர முடியல."

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனார். மகளின் மாமியார் பவுனம்மாள் வாசலிலேயே வரவேற்றாள்.

"வாங்க சம்பந்தி. வண்டி தள்ள ஒரு ஆள் குறையுதேன்னு இப்பதான் பேசிக்கிட்டிருந்தோம்."

"தள்ளினா உடம்புக்கு நல்லதும்மா" என்றார் அழகிரி.

"ஆமாமா. எங்க வீட்டு ஆம்பளைங்க பாதியா இளைச்சுட்டாங்க."

சின்னையா பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். அழகிரி சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினார். பேட்டரி முனைகளைச் சுரண்டித் தேய்த்தார். எர்த் ஒயரைக் கழற்றி மாட்டினார். பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டரை, எல்லோரும் சொல்கிறபடி டைனமோவை, சுற்றும் பெல்ட் தளர்ந்திருந்தது, அதை இறுக்கினார். வியர்வை கொட்டியது. மீட்டர் போர்டு பக்கம் மட்டும் அவர் போகவில்லை, யாரையும் போகவிடவும் இல்லை. வண்டியைத் தள்ளிக் கிளப்பி, பேட்டரியில் சோதனை மீட்டரை வைத்துப் பார்த்தால், பதினாலு வோல்ட்டுக்கு ஏற வேண்டிய முள் பன்னிரண்டுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தது.

"நான்தான் கெடுத்துட்டேன் சம்பந்தி" என்றார் சின்னையா. "போன மழையில நனைய விட்டுட்டேன். நீங்க எப்படி வச்சிருந்த வண்டி! மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

அழகிரிக்குக் காது மடல் சுட்டது. திட்டியிருந்தால் பதில் இருந்தது. ஏற்கெனவே சுத்தமாக இருந்த பேட்டரி முனையை மறுபடி சுரண்டினார்.

பவுனம்மாள் மருமகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்க கடையிலேர்ந்து எங்க வீட்டுக்கு வந்ததெல்லாம் பளபளன்னுதான் இருக்கு. உள்ள என்னங்கறது போகப்போகத்தானே தெரியுது."

மகாலட்சுமி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதில் ஓடிய வீடியோவில் யாரோ ஒரு மலையாளத்துக்காரர் இதே மாதிரி வண்டியைப் பிரித்துப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"மாமா, சாவி போட்டதும் ஒரு சிவப்பு லைட் எரியணுமாம். நம்ம வண்டில எரிஞ்சு நான் பார்த்ததே இல்ல. அந்தப் பல்ப் வழியாத்தான் டைனமோவுக்கு முதல் கரண்ட் போகுதாம். அது இல்லேன்னா டைனமோ சுத்துமாம், ஆனா முழிக்காதாம், சார்ஜ் ஏறாதாம்."

அழகிரியின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. பெல்ட் தளர்ந்திருக்கிறது என்றுதான் அந்த விளக்கு கண்ணடித்திருக்கிறது. விளக்கின் வாயை அடைக்கப்போய் வண்டியின் உயிரையே பிடுங்கி வைத்திருக்கிறார்.

"அதை நோண்டாதம்மா, ஒயரெல்லாம் பழசு" என்றார்.

அவள் அதற்குள் திருகுகளைக் கழற்றி போர்டைச் சாய்த்துவிட்டாள். பல்ப் இருக்க வேண்டிய துளை காலி. பக்கத்து விளக்குகளின் ஒளி கசியாமலிருக்க அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பாத்திரங்களின் அடியில் ஒட்டுகிற, கடைப் பெயர் போட்ட ஸ்டிக்கர். மகாலட்சுமி அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதை உரித்து உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"பல்ப் பியூஸ் மாமா" என்றாள், பானெட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற சின்னையாவிடம், கண் இமைக்காமல். "பழைய வண்டில இதெல்லாம் சகஜம்தானே." கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை அழகிரிக்கு நன்றாகத் தெரியும். கல்லாவில் உட்கார்ந்து ஆயிரம் பேரிடம் அவர் சிரித்தது. கீழே கிடந்த ஸ்பேனரை எடுக்கக் குனிந்தார்.

மீட்டர் போர்டிலேயே பக்கத்திலிருந்த ஹைபீம் அடையாள விளக்கின் பல்பைப் பிடுங்கி அவள் இங்கே மாட்டினாள். சாவி போட்டதும் சிவப்பு எரிந்தது. தள்ளிக் கிளப்பியதும் அணைந்தது. முள் எழுந்து பதினாலைத் தொட்டது. சின்னையா கைதட்டினார். பவுனம்மாள் காபி போட உள்ளே போனாள்.

குழாயடியில் மகள் தண்ணீர் ஊற்ற, அழகிரி கை கழுவினார்.

"ஏம்மா அப்படிச் சொன்ன? நானே சொல்லியிருப்பேன்."

"எப்பப்பா? பேட்டரியைத் தேய்ச்சப்பவா, பெல்ட்டை இறுக்கினப்பவா?"

அவர் விரல் நகத்து மசியையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்காகச் சொல்லல. நான் இந்த வீட்ல இருக்கணும். இனிமே நீங்க உண்மையைச் சொன்னா, பொய் சொன்னவ நானாயிடுவேன். காபி குடிச்சுட்டுக் கிளம்புங்க."

பஸ்ஸில் போகிறேன் என்றால் சின்னையா விடவில்லை. வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். வழியில் டீக்கடைக்காரர் கையைக் காட்ட, நிறுத்தி, "எங்க சம்பந்தி வண்டி! பல்ப்தான் போயிருந்துச்சு. வண்டிமேல ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தார். பேச்சில் எவரிடமும் தோற்காத அழகிரி ஜன்னல் வழியாக வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

காவிரிப் பாலம் ஏறும்போது சின்னையா சொன்னார்: "எங்க மூத்த பையனுக்கும் ஒரு வண்டி வேணும் சம்பந்தி. நீங்களே பார்த்துக் குடுங்க. வெளியில எவனை நம்புறது?"

பாலம் இறங்கியதும் மாம்பழச் சாலை. "இங்கயே நிறுத்துங்க, ஒரு ஆளைப் பார்க்கணும்" என்றார் அழகிரி. இறங்கி, வண்டி திரும்பிப் போகும் வரை ஒரு பழக்கடை மறைவில் நின்றார். பிறகு, பார்க்க வேண்டிய ஆள் யாரும் இல்லாத அந்தச் சாலையில் வீடு வரைக்கும் நடந்தார்.