துணைக்கு வந்த நாத்தனார்

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் பதினோரு வருடமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு விடுமுறை என்றால் ஒரே அர்த்தம்தான். யாரும் தன்னிடம் எதையும் சொல்லக்கூடாது. தண்ணீர் வரவில்லை, வந்தாலும் மஞ்சளாக வருகிறது, எதிர்வீட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று நாளைக்குத் தொண்ணூறு பேர் அவள் காதில் கொட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மிக்சி ஓடினால்கூட அவளுக்கு அழுகை வரும்.

அதனால்தான் அந்தப் பாதையைத் தேடிப் பிடித்தாள். ஒரு காலத்தில் ரயில் ஓடிய வழி. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு சைக்கிள்காரர்களுக்கென்று விட்டிருந்தார்கள். கார், பைக் எதுவும் நுழையாதபடி முகப்பிலேயே கல்தூண்கள். மலையடிவாரக் காட்டுக்குள் மெல்ல ஏறி, பிறகு ஆற்றோடு சேர்ந்து இரண்டு மலைகளுக்கு நடுவே இறங்கும். நூற்று எண்பது கிலோமீட்டர், நான்கு நாள். கணவனும் அவளும் போவதாக ஏற்பாடு. அவன் அதிகம் பேசாதவன், அந்த ஒரு குணத்துக்காகவே அவனைக் கட்டிக்கொண்டதாகத் தோழிகளிடம் சொல்வாள்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு சைக்கிளைத் தூக்கிக் காரில் வைக்கப்போய் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்த படுக்கையிலிருந்தே ஒரு காரியம் செய்தான். தங்கையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான்.

“தனியா எப்படிப் போவே? அவ துணைக்கு வரட்டும்.”

“நான் துணை கேட்டேனாங்க?”

“பாவம், ஆசைப்படுறா.”

அந்தத் தங்கைக்கு நாற்பத்து மூன்று வயது. ஒரு தையல் பள்ளியில் ஆசிரியை. குடும்பத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ரேடியோ. அவள் கூப்பிடுகிற முறைப்படி நாமும் இவளை அண்ணி என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் கல்தூண்களைத் தாண்டியதுமே ரேடியோ தொடங்கிவிட்டாள். தையல் பள்ளித் தலைமையாசிரியைக்கும் காவலாளிக்கும் நடக்கும் பனிப்போர், பெரியம்மா மகளின் இரண்டாவது மாப்பிள்ளை, மழை வருமா வராதா, அந்த மரத்துக்கு என்ன பெயர், தெரியாவிட்டால் என்ன பெயர் வைக்கலாம். இருபுறமும் காடு அசையாமல் நின்றது. இலை விழுந்தால் கேட்கும். ஆனால் கேட்க விட்டால்தானே?

“அண்ணி, கேக்குறீங்களா?”

“கேக்குது.”

“இல்ல, பதிலே சொல்லலையே, அதான்.”

இதில் இன்னொரு வம்பு. அண்ணி இடது ஓரமாகப் போனால், எப்படியாவது வெட்டி வந்து அவளுக்கு இடப்பக்கம் நுழைந்துகொள்வாள் ரேடியோ. ஓரத்தில் சரிவு, சரளைக்கல். எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்டால், “எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி” என்பாள். மத்தியானம் அப்படி நுழையும்போது இருவர் சக்கரமும் உரசியது. அண்ணி கீழே விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டாள். மருந்து போடும்போதும் ரேடியோ வாயை மூடவில்லை. சின்ன வயதில் தான் விழுந்த கதைகள் ஆறு இருந்தன; ஆறையும் சொன்னாள்.

அன்று இரவு தங்கிய விடுதியில் அறைக்குள் நுழைந்ததும் ரேடியோ மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். குளிர்கிறது என்று அண்ணி அணைத்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி சுற்றியது. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, மனதுக்குள் கணவனை வகைதொகையில்லாமல் திட்டித் தீர்த்தாள் அண்ணி.

மறுநாள் காலை பாதையோரத் தேநீர்க் கடையில் பொறுமை அறுந்தது. கடைக்காரம்மா ஆளுக்கு ஒரு டம்ளரைக் கொடுப்பதற்குள் ரேடியோ அண்ணியின் வேலை, சம்பளம், அண்ணனின் இடுப்பு, முட்டிக் காயம் எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்து முடித்திருந்தாள்.

அண்ணி டம்ளரை வைத்தாள். “ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு வர முடியாதா உன்னால?”

ரேடியோ யோசித்துப் பார்த்தாள். “முடியாது அண்ணி” என்றாள், மறைக்காமல்.

“அப்ப நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா. பாலத்துல பார்க்கலாம்.”

கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி ஏறி மிதித்தாள்.

கிடைத்தது. இரண்டு மாதமாகக் கனவு கண்ட அமைதி முழுதாகக் கிடைத்தது. டயர் மண்ணில் உரசும் ஓசை, எங்கோ ஒரு மரங்கொத்தி, அவ்வளவுதான். பாதை வளைந்து இறங்கி ஆற்றோடு சேர்ந்தது; பாறைகள் இருபுறமும் சுவராக எழும்பின; கீழே வெள்ளை நுரை. அண்ணிக்குச் சிரிப்புகூட வந்தது. அப்படியே எட்டு கிலோமீட்டர் பறந்து இரும்புப் பாலத்தில் போய் நின்றாள்.

கால் மணி ஆனது. அரை மணி ஆனது. ஆளைக் காணோம். போன் அடித்தால் தொடர்பு இல்லை.

“வந்து சேர மாட்டாளா! இதுலயும் என் உயிரை வாங்கணுமா?” என்று பாலத்தின் கம்பியிடம் கேட்டாள். முக்கால் மணியானதும் சைக்கிளைத் திருப்பினாள். இறங்கி வந்த பாதை இப்போது ஏற்றம். சிராய்த்த முட்டி ஒவ்வொரு மிதிக்கும் சுரீர் என்றது.

மூன்றாவது கிலோமீட்டரில் ரேடியோவின் சைக்கிள் தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றது. பைகள் அப்படியே இருந்தன. ஹெல்மெட் தரையில் கிடந்தது. ஆள் இல்லை.

அண்ணி சைக்கிளைக் கீழே போட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தை எட்டிப் பார்த்துக் கத்தினாள். “ரேடியோ! ஏய், ரேடியோ!” தொண்டை கிழியக் கத்தியும் பதில் இல்லை. அப்புறம்தான் கண்ணில் பட்டது: வெகு கீழே, தண்ணீர் விழுந்து கொதிக்கும் இடத்தில், ஒரு பாறைமேல் மஞ்சள் சட்டை. உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

மீன் பிடிப்பவர்கள் இறங்க வெட்டிய படிகள் இருந்தன. அண்ணி அதில் பாதி நடந்தும் பாதி சறுக்கியும் போய்ச் சேர்ந்தாள். ஆற்றின் சத்தத்தில் தன் மூச்சே தனக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் ரேடியோ தூக்கிவாரிப்போட்டுக் கண்ணைத் திறந்தாள். முகம் நனைந்திருந்தது. சாரலா, கண்ணீரா, தெரியவில்லை.

“செத்துட்டியோன்னு நெனச்சேண்டி!”

ரேடியோ வலது காதைத் திருப்பினாள். “இங்க அது கேக்கல அண்ணி.”

“எது?”

அப்போதுதான் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் இடது காது போய்விட்டது. போனது மட்டுமில்லை, உள்ளே ஒரு விசில். குக்கர் விசில் அடங்காமலே நிற்பது மாதிரி, ராத்திரி பகல் என்றில்லாமல். ஊர் இரைச்சலில் கொஞ்சம் அமுங்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால், இல்லை தான் பேசினால், தாங்கலாம். “நேத்து அந்தக் காட்டுக்குள்ள வந்தோமே, எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போல இருந்துச்சு. எவ்வளவு அமைதியோ அவ்வளவு சத்தம்.”

அண்ணிக்கு முதலில் வந்தது இரக்கமில்லை, எரிச்சல்தான். “ரெண்டு வருஷமா? ஊர்க்கதை எல்லாம் பேச வாய் இருக்கு, இதைச் சொல்ல வாய் இல்லையா உனக்கு?”

“சொன்னா எல்லாரும் பாவம்னு பார்ப்பாங்க. இப்ப ரேடியோன்னு திட்டுறாங்க, அது பரவாயில்ல.”

அண்ணி ஈரப் பாறையில் பக்கத்தில் உட்கார்ந்தாள், யோசித்து வலப்பக்கமாக. ரேடியோ அவள் மடியில் தலை வைத்துச் சாய்ந்தாள். ஐந்தே நிமிடத்தில் தூங்கிப்போனாள். வாயைப் பிளந்துகொண்டு, சின்னக் குழந்தை மாதிரி.

ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம். அண்ணிக்குக் கால் மரத்தது, பசித்தது, இரைச்சலில் தலை விண்விண் என்றது. எழுப்பினால், “இன்னும் கொஞ்ச நேரம்” என்றாள். மறுபடி எழுப்பினால், “நீங்க போங்க அண்ணி, நான் இங்கயே இருக்கேன்” என்றாள்.

“இங்கயேன்னா? பாறையிலயா? அடுத்த விடுதி இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கு.”

“பாலத்துக்கிட்ட ஒரு வீடு இருக்குன்னு கடைக்காரம்மா சொன்னாங்க. ரூம் விடுவாங்களாம்.”

எந்நேரமும் வாயாடுவதில் இப்படியும் ஒரு லாபம் உண்டு போலிருக்கிறது. பாலத்தை ஒட்டிய அந்த வீட்டில் ஒரு அறை காலியாக இருந்தது. வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கத் தயங்கினார். “ஜன்னலுக்கு நேர் கீழே ஆறும்மா. சத்தம் தாங்க முடியலைன்னு பாதி ராத்திரியில பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுறாங்க.”

“மூணு நாளைக்குக் கொடுங்க” என்றாள் ரேடியோ.

“மூணு நாளா!” என்று அலறினாள் அண்ணி. பிறகு முன்பதிவு செய்திருந்த இரண்டு விடுதிகளுக்கும் வீட்டுக்காரரின் போனிலிருந்து அழைத்து, வரவில்லை என்று சொல்லி, அவர்கள் பேசியதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டாள். பழக்கம்தானே.

அந்த மூன்று நாளும் காலையில் அண்ணி மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் மேலே போவாள், ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி வருவாள். ரேடியோ வீட்டுக்குக் கீழே இருந்த பாறையிலிருந்து எழுந்து வந்து சாப்பிடுவாள். ஆச்சரியம் என்னவென்றால், அந்த வீட்டில் அவள் அதிகம் பேசவில்லை. பேசினாலும், ஆற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அண்ணிதான் ஒவ்வொன்றுக்கும் “என்ன? என்ன சொன்னே?” என்று கத்த வேண்டியிருந்தது.

கடைசி நாள், வீட்டுக்காரரின் போனிலிருந்து அண்ணி விட்ட மிஸ்டு காலைப் பார்த்துவிட்டுக் கணவன் கூப்பிட்டான்.

“எங்க இருக்கீங்க? நூத்தி எண்பதும் முடிச்சாச்சா?”

“அறுபதுகூடத் தாண்டல.”

“என்னாச்சு? அவ ரொம்பத் தொல்லை பண்றாளா?”

“பண்றா. வந்து சொல்றேன். அதுக்குள்ள நல்ல காது டாக்டரா ஒருத்தரை விசாரிச்சு வைங்க.”

“காதா? உனக்கா?”

அண்ணி ஜன்னல் வழியே பார்த்தாள். அண்ணனிடம் சொல்லலாம் என்று காலையில்தான் தலையாட்டியிருந்த ரேடியோ, கீழே காலைத் தண்ணீரில் விட்டபடி யாரோ ஒரு மீன்காரரிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு எழுத்தும் கேட்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.