மாப்பிள்ளையின் முதுகில் ஒரு கட்டி

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, வரவேற்புக்குக் கோட்டு தைக்க அளவு கொடுக்கப் போன இடத்தில்தான், தன் முதுகில் ஒன்று இருப்பது ராஜவேலுக்குத் தெரிந்தது. டெய்லர் வெள்ளையன் நாடாவைத் தோளுக்குத் தோள் இழுத்துக்கொண்டு வந்தவர், வலது தோள்பட்டைக்குக் கீழே சட்டென்று நின்றார். விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, சட்டைக்குள்ள ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?”

“இல்லீங்களே.”

“எலுமிச்சங்கா அளவுக்கு ஒண்ணு இருக்குதுங்க. அமுக்குனா நகருது. துணியக் கொஞ்சம் தாராளமா உட்டுத் தெச்சுடறேன், வெளிய தெரியாது.”

வெள்ளையனைப் பொறுத்தவரை அது தையல் சமாச்சாரம். அதோடு அடுத்த அளவுக்குப் போய்விட்டார். ராஜவேல் மட்டும் கையை விரித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

அவனுக்கு இருபத்தெட்டு வயது. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஜெர்மனிக்குப் போகிற டீ-ஷர்ட்டில் ஒரு இழை பிசகினாலும் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவான். தன் முதுகைத்தான் இதுவரை பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் இன்னொரு கண்ணாடியைப் பிடித்து, அரைமணி நேரம் கழுத்தைத் திருகினான். கடைசியில் தெரிந்தது. சிவப்பில்லை, வலியில்லை. தோலுக்கடியில் மெத்தென்று, யார் வீட்டிலோ சாவகாசமாக வந்து தங்கிவிட்ட விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

“ராசு, உள்ளார என்ன பண்றே?” என்று அம்மா நல்லம்மாள் கதவைத் தட்டினாள்.

“கழுத்துப் புடிச்சுக்கிச்சும்மா.”

அது பொய்யில்லை. அதற்குள் நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர் தங்கதுரையைச் சாம்பிள் ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திச் சட்டையைக் கழற்றினான். தங்கதுரை தூத்துக்குடிப் பக்கத்து ஆள். ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்வார். அந்தச் சத்தியம் யாராவது கேட்கிறவரைக்கும் நிற்கும்.

“ஏ அய்யா, தொட்டா வழுக்கிட்டு ஓடுதுல்லா!” என்று தங்கதுரை சொன்னார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தார். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது என்று ராஜவேலுக்குத் தோன்றியது. “வலிக்கா தம்பி?”

“வலிக்கலீங்க.”

“வலிக்கலையா? வலிச்சாக்கூட நல்லதுன்னு சொல்லுவாவ.”

இந்த ஒரு சொல்லைத் தாங்கிக்கொண்டு ராஜவேல் நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போனான். ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். முதல் பக்கத்தில் ‘பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை’ என்று போட்டிருந்தது. அதைத் தாண்டிப் போனான். எட்டாவது பக்கத்துக்குள் அவனுக்கு மூன்று நோய்கள் வந்துவிட்டன. பெயர்கூடச் சரியாக வாசிக்க முடியாத நான்காவது நோயோடு வெளியே வந்தபோது, தெருவில் இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, ‘இவர்களெல்லாம் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள்’ என்று கண் கலங்கினான்.

அவனுடைய பெரிய கவலை கோகிலவாணி. மங்கலத்தில் தறி ஓட்டும் குமாரசாமியின் மகள். நிச்சயம் ஆனதிலிருந்து தினமும் எட்டு மணிக்குச் செல்போனில் பேசுவார்கள். பேசுவது அவள், கேட்பது இவன். தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவளாதலால் போனிலும் கத்தித்தான் பேசுவாள். ராஜவேலுக்கு அதுவும் பிடித்திருந்தது. இப்போது அவள் குரலைக் கேட்டாலே அந்த நான்காவது நோய்தான் ஞாபகத்துக்கு வந்தது. பாவம், இருபத்துமூன்று வயதுப் பெண். கல்யாணமான கையோடு ஆஸ்பத்திரி வாசலில் அவளை உட்கார வைப்பதா? மூன்று நாளாக ‘ம்’, ‘சரி’, ‘அப்படியா’ என்று மட்டும் பதில் சொன்னான்.

நான்காம் நாள் கோகிலவாணி பொறுக்கவில்லை.

“ஏனுங்க, டவர் இல்லீங்களா?”

“இருக்குது.”

“பொறவு என்னங்க? நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாச்சும் வந்துருச்சுங்களா?”

ராஜவேலுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“வந்துருச்சு வாணி.”

“எத்தன நாளாங்க?”

“எனக்கே போன வாரந்தான் தெரியும்.”

போன் கட் ஆகிவிட்டது. தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்பது, பல் விளக்கும்போது, மறுநாள் காலையில்தான் அவனுக்கு உறைத்தது. நுரையோடு ஓடி வந்து நம்பரைப் போட்டான். அவள் எடுக்கவில்லை. இனி ஒரு நாளும் தள்ளக்கூடாது என்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, டவுனில் ஒரு சர்ஜனைப் பார்க்கப் போனான்.

டாக்டர் அறுபது வயது மதிக்கத்தக்கவர், அவசரமே இல்லாதவர். அழுத்தினார், உருட்டினார். “எவ்வளவு நாளா இருக்கு?” என்றார். தெரியாது என்றான். “கொழுப்புக் கட்டி மாதிரிதான் இருக்கு. எதுக்கும் ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்” என்றார். இதில் ‘ஸ்கேன்’ என்ற சொல் மட்டும்தான் ராஜவேலின் காதில் விழுந்தது. ஸ்கேன் ரூம் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்து, அம்மாவுக்கு யார் துணை என்று யோசிக்க ஆரம்பித்தான்.

அதே நேரத்தில் கோகிலவாணி கம்பெனிக்குப் போன் செய்திருந்தாள். எடுத்தவர் தங்கதுரை. ‘ராஜவேல் எங்கே’ என்று அவள் கேட்டது ஒரே ஒரு முறைதான். கட்டி, அதன் அளவு, அது ஓடுகிற வேகம், சர்ஜன் பெயர், ஆஸ்பத்திரிக்கு வழி எல்லாம் சொல்லிவிட்டு, “நான் சொன்னேன்னு சொல்லிராதீய தாயி” என்று முடித்தார்.

அரைமணி நேரத்தில் ஒரு மொபெட் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. முன்னால் குமாரசாமி, பின்னால் கோகிலவாணி. குமாரசாமியின் மீசையிலும் தலைமுடியிலும் தறிப் பஞ்சு அப்படியே ஒட்டியிருந்தது. ராஜவேல் எழுந்து நின்றான். ஓட இடமில்லை.

“மாப்பிள்ளைங்க, இதென்னங்க கூத்து? கட்டியாமா? எங்க இருக்குது?”

“முதுகுலங்க மாமா. உங்க புள்ளை நல்லா இருக்கோணும்னுதான் நான்…”

குமாரசாமி மேற்கொண்டு கேட்கவில்லை. வராந்தாவில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்ததையும் பார்க்காமல் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். கையைத் தூக்கினார்.

“இதப் பாருங்க. இது ஒண்ணு. முழங்கைக்கு மேல இது ரெண்டு. விலாவுல மூணு. தொடையில இருக்கறத இங்க காட்ட முடியாது. இருவது வருசமா எங்கூடத்தான் இருக்குது. நானும் மொதல்ல பயந்துதான் இதே டாக்டர்கிட்ட வந்தனுங்க. தொட்டுப் பாருங்க, சும்மா தொடுங்க!”

ராஜவேல் வேறு வழியில்லாமல் மாமனாரின் விலாவைத் தொட்டான். மெத்தென்று இருந்தது. நழுவி ஓடியது. பக்கத்தில் இருந்த மாரக்காள் என்ற அம்மா, “நானும் ஒருக்கா பாக்கறனுங்க” என்று எழுந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். “தொட்டா ஒட்டிக்கற நோயில்லீங்க இது, வாங்க வாங்க” என்று குமாரசாமி கைகளை விரித்துக்கொண்டு நின்றார். நர்ஸ் ஓடி வந்து, “ஏனுங்க பெரியவரே, சட்டையப் போடுங்க!” என்று அதட்டினாள்.

அந்தக் கலாட்டாவில் கோகிலவாணி பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“ராத்திரி பூராவும் அந்தப் பொண்ணு யாரா இருக்கும்னு நெனச்சுட்டே கெடந்தனுங்க. கறுப்பா செவப்பா, படிச்சவளான்னு.”

“மன்னிச்சுக்க வாணி.”

“கட்டின்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க? எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லோணும். அழுவுறதா இருந்தா ரெண்டு பேரும் சேந்து அழுவலாம். தனியா எதுக்குங்க?”

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். அப்பா நர்ஸிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

“நான் தொட்டுப் பாக்கட்டுங்களா?”

அவன் திரும்பி உட்கார்ந்தான். சட்டைமேல் ஒரு விரல் பட்டது. நிச்சயம் ஆகி இரண்டு மாதமாகியும் அவள் கை அவன்மேல் படுவது அதுதான் முதல் தடவை. விரல் தயங்கி, பிறகு துணிந்து அழுத்தியது. கட்டி நழுவியது. “அய்யோ!” என்று கையை இழுத்துக்கொண்டாள். “பஞ்சாட்டம் இருக்குதுங்க!” இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. ஸ்கேன் ரூமிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ராஜவேலுக்குக் கூசிக் கூசி நடக்கவே வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். “கொழுப்புதான். வேற ஒண்ணுமில்லை. தொந்தரவு பண்ணாதவரைக்கும் அப்படியே விட்டுடலாம். வேகமாப் பெரிசானாலோ, கெட்டியானாலோ, வலிச்சாலோ வாங்க.” பிறகு குமாரசாமியைப் பார்த்து, “உங்களுது எல்லாம் சௌக்கியமா?” என்று கேட்டார்.

குமாரசாமி வராந்தாவுக்கு வந்து, காத்திருந்த எல்லோருக்கும் அறிவித்தார். “ஒண்ணுமில்லீங்க! வெறும் கொழுப்பு! எங்க மாப்பிள்ளைக்குக் கொழுப்புங்க!”

“அது நேத்து போன்ல பேசும்போதே எனக்குத் தெரியுமுங்க” என்றாள் கோகிலவாணி.

வராந்தாவே சிரித்தது. மாரக்காள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ராஜவேலுக்குக் கால்கள் தரையில் இல்லை. பார்க்கிறவர்களையெல்லாம் கல்யாணத்துக்குக் கூப்பிட்டான். நர்ஸைக் கூப்பிட்டான், வாட்ச்மேனைக் கூப்பிட்டான், ஸ்கேன் எடுத்த பையனிடம் மண்டபத்துக்கு வழி சொன்னான். அவர்களில் பாதிப் பேர் பிறகு நிஜமாகவே வந்தார்கள். மூன்றாவது பந்தியில் சாம்பார் பற்றாமல் போனதற்கு அதுதான் காரணம்.

பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் ஆன பிறகு, குமாரசாமி மொபெட்டை உதைத்தார். மகளையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கண்ணு, நீ மாப்பிள்ளை வண்டியிலயே வா. ஊட்ல வந்து சாப்புட்டுட்டுப் போகட்டும். யாராச்சும் கேட்டா நாங் கூட வந்தேன்னு சொல்லு. பாரு, முன்னாடியே போறேன்.”

மங்கலம் ரோட்டில் காற்று எதிரே அடித்தது. கோகிலவாணிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. ராஜவேல் ஏதாவது சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு விக்கல் வந்தது. அதற்கும் சிரிப்பு வந்தது. முன்னால் போன குமாரசாமி அடிக்கடி திரும்பிக் கையாட்டினார். எதிரே வந்த லாரிக்கும் கையாட்டினார். மங்கலம் வந்தது. அவர்கள் தெரு வந்தது. மொபெட் திரும்பாமல் அப்படியே நேராகப் போயிற்று.

“ஏனுங்க, அப்பா ஊட்டத் தாண்டிப் போறாருங்க!” என்று கோகிலவாணி கத்தினாள்.

“கூப்புடட்டுமா?”

“வேண்டாமுங்க” என்றாள், விக்கலோடு. “எங்கதான் போறாருன்னு பாக்கலாம்.”

ராஜவேல் வண்டியை முறுக்கினான்.