காட்டிக்கொடுத்த துணுக்கு

என் தம்பியை அந்தப் பாழாய்ப்போன வைரஸ் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்த மறுநாளே நான் ஆய்வகத்துக்குக் கிளம்பினேன். கல்நெஞ்சக்காரி என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அதன் வேரை அறுக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

நம் செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களை நறுக்கி, சில துணுக்குகளை வெளிப்புறத்தில் மாட்டிவைக்கும். ரோந்து வரும் வெள்ளணுக்கள் அவற்றைப் பார்த்துவிட்டுப் போகும். வைரஸ் புகுந்தால் மாட்டியிருப்பது மாறிவிடும். வைரஸின் துணுக்கும் வரும். நம்முடையதே ஆனாலும் அதுவரை வெளியே வராத துணுக்கும் வரும். அவற்றைக் கழற்றி, எடை பார்த்து, எது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

வைரஸின் துணுக்கை நம்ப முடியாது. அந்தக் களவாணி அடிக்கடி உருமாறும். ஆனால் நம் சொந்தத் துணுக்கு ஒன்று, நுரையீரல் செல்களில், நோய் பிடித்தவற்றில் மட்டும் தொங்கியது. அதை வைரஸால் மாற்ற முடியாது. “மாட்டுனியா” என்று வாய்விட்டே சொன்னேன்.

அதைக் கண்டதும் பாயும்படி வெள்ளணுக்களைப் பழக்கி, நோய் பிடித்த செல்கள் இருந்த தட்டில் விட்டேன். நோய்ச் செல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவை வெடிப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. நோயாளிகளுக்கு ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

கூட வேலை பார்ப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் முட்டுக்கட்டை.

“இதயச் செல்லுல பாத்தீங்களா?” என்றார்.

“வைரஸே இல்லாத செல்லுல எதுக்கு? நல்ல காரியத்துல வாய வெக்காதீங்க.”

“பாத்துட்டுத் திட்டுங்க. எங்க ஓடிடப் போறேன்?”

அவர் வாயை அடைக்கவே பார்த்தேன். நல்ல இதயச் செல்கள் தட்டில் ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன. என் வெள்ளணுக்களை விட்டேன். சாயங்காலம் துடிப்பு நின்றிருந்தது. அதே துணுக்கை இதயம் எப்போதுமே மாட்டிவைத்திருக்கிறது.

தம்பியின் கடைசி நாள் நினைவுக்கு வந்தது. தம்பி மனைவிக்குப் போன் செய்தேன்.

“காய்ச்சல் விட்டப்புறந்தானே அவனுக்கு நெஞ்சு வலிச்சுது?”

“ஆமாக்கா. டெஸ்ட்லகூட வைரஸ் இல்லன்னு வந்துச்சே. பசிக்குதுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. ஏங்க்கா?”

போனை வைத்தேன். நுரையீரலில் வைரஸை விரட்ட அவன் உடம்பே வளர்த்த வெள்ளணுக்கள், அதே துணுக்கைப் பார்த்து அவன் இதயத்தின் மேலும் பாய்ந்திருக்கின்றன. அவனைக் கொன்றதையே நான் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறேன்.

வெள்ளணுக்கள் இருந்த குடுவைகளை எல்லாம் தொட்டியில் அடுக்கி ப்ளீச்சைத் திறந்தேன்.

“ஆராய்ச்சிக்குக் கொஞ்சமாச்சும் வைங்க” என்று முட்டுக்கட்டை குறுக்கே வந்தார்.

“நகருங்க. என் தம்பியக் கொன்னது இதுங்கதான்.”

அவர் நகர்ந்துகொண்டார். நான் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கவில்லை.