காற்று வலிக்கிற வண்டி

என் அத்திம்பேர் வெங்கிடாசலத்தின் மோட்டார் சைக்கிள் மேல் எனக்கு ஆசை இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் கேவலமாக இருக்கும். 1978-இல் நான் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியில் குமாஸ்தா. வயது இருபத்தொன்பது. எங்கே போனாலும் நடை, இல்லாவிட்டால் படகு. அத்திம்பேர் மதுரைக்காரர். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனிக்கு மாற்றலாகி, என் அக்கா ஜெயலக்ஷ்மியோடு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வடக்கே போகிற ஓர் ஆபீசரிடமிருந்து வண்டி வாங்கி, தோப்பும்படி பாலத்தின் மேல் தினமும் காற்று வாங்கிக்கொண்டு போய்வந்தார். ராத்திரி சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். வாசலில் செருப்பை விடும்போது அந்தப் பெட்ரோல் டாங்கை ஒரு தடவை தடவிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

மழை விட்ட ஒரு வாரத்தில் வண்டிக்குத் திமிர் பிடித்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்தால் எஞ்சின் அடங்க வேண்டும். இது அடங்கவில்லை. நின்ற இடத்திலேயே நாற்பது மைல் வேகத்தில் போகிற சத்தம். கியர் போட்டுக் கிளட்சை விட்டால் ஒரே பாய்ச்சல். புதன்கிழமை அப்படிப் பாய்ந்து, பஜார் ரோட்டில் காயப்போட்டிருந்த சுக்குக் குவியலுக்குள் போய் உட்கார்ந்தார் அத்திம்பேர். வீட்டுக்கு வந்தும் தும்மல் நிற்கவில்லை.

அவராகச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். கேபிளுக்கு எண்ணெய் விட்டார். கார்புரேட்டரில் ஐடிலிங் ஸ்க்ரூ என்று ஒன்று உண்டு, சும்மா நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். அதையும் முழுக்கத் தளர்த்திப் பார்த்தார். எஞ்சின் அவரை மதிக்கவில்லை.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. அவர்கள் வீட்டுச் சந்து அகலம் குறைவு. இவர் வண்டியைக் கிளப்பினால் எதிர்வீட்டுக் குழந்தை அழும்.

"ஞாயித்துக்கிழமை விளக்கு வைக்கறதுக்குள்ள இது அடங்கணும்," என்றாள். "அடங்கலேன்னா நம்ம பிச்சு வண்டியை எடுத்துண்டு போகட்டும். அவனுக்குக் காது ஏற்கனவே மந்தம்."

பிச்சு நான்தான். என் காதுக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

"வாக்குன்னா வாக்குதான் ஜயா," என்றார் அத்திம்பேர். அவர் நல்ல மனுஷன். அதுதான் இந்தக் கதையில் எனக்கு இருக்கிற ஒரே சங்கடம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் சுள்ளிக்கல்லில் முகமது இஸ்மாயிலின் ஒர்க்ஷாப்புக்குப் போனோம். போகிற வழியிலேயே அத்திம்பேர் கண்டிஷன் போட்டார்.

"நீ வாயைத் தொறக்கப்படாது, பிச்சு. மலையாளம் எனக்கு இப்போ நன்னா வரும். நீ நடுவுல மொழிபெயர்த்தா எனக்கு அவமானம்."

"சரி, அத்திம்பேரே," என்றேன். இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்டு நான் வாழ்க்கையில் நடந்ததில்லை.

இஸ்மாயில் பள்ளிவாசலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஜும்மா நேரம், கடையைப் பாதி பூட்டியாகிவிட்டது. இருந்தாலும் எஞ்சின் கத்துகிற கத்தலைக் கேட்டுக் குனிந்தார். கார்புரேட்டரும் எஞ்சினும் சேருகிற மூட்டில் எண்ணெய்க் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். சத்தம் ஒரு நொடி தடுமாறித் தணிந்து, மறுபடி ஏறியது. அவர் நிமிர்ந்தார். அத்திம்பேர் அப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையில் சாயாக்கடையில் மரவள்ளிக் கப்பையை ஒரு பிடி பிடித்திருந்தார்.

"காற்று வலிக்குன்னுண்டு," என்றார் இஸ்மாயில். "ஒந்நு முறுக்கியா மதி." சொல்லிவிட்டுப் பூட்டைப் பூட்டிக்கொண்டு தொழுகைக்கு ஓடிவிட்டார்.

மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. மூட்டு தளர்ந்திருக்கிறது, எஞ்சின் அது வழியாக வெளிக்காற்றை இழுக்கிறது, அதனால்தான் இந்த ஓட்டம், ஒரு தடவை இறுக்கினால் போதும் என்றார் அவர். இரண்டே நட்டு. பத்தாம் நம்பர் ஸ்பானர் இருந்தால் குழந்தைகூடச் செய்துவிடும். எனக்கு அங்கேயே புரிந்தது.

அத்திம்பேருக்கும் புரிந்தது, வேறு விதமாக. முறுக்குவது என்றால் மலையாளத்தில் இறுக்குவது. வெற்றிலை போடுவதும் முறுக்குவதுதான். அவருக்கு இரண்டாவது மட்டும் தெரியும். வலி என்றால் மதுரையில் வலிதான்.

"பாத்தியா பிச்சு, கையைத் தொட்டு நாடிகூடப் பாக்கலை," என்றார் வியப்போடு. "வாயு வலிக்கறது, ஒரு வெத்தலை போட்டா சரியாப் போயிடும்னுட்டான்."

"வண்டி?" என்று கேட்டேன். கேட்காமல் விட்டால் சந்தேகம் வருமே.

அவர் கொஞ்சம் யோசித்தார். "வயித்துல வாயு இருந்தா உடம்பு முறுக்கிக்கும். உடம்பு முறுக்கினா கை முறுக்கும். கை முறுக்கினா ஆக்ஸிலேட்டர். மனுஷன் மூலத்தைப் பிடிச்சுட்டாண்டா."

சும்மா நிற்கிற வண்டியின் ஹாண்டிலில் யாருடைய கை இருக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். என் வாயைத் திறக்கக் கூடாது என்பது கண்டிஷன். நான் கண்டிஷனை மதித்தேன்.

அன்று சாயங்காலமே வெற்றிலைச் செல்லம் வந்தது. போட்டார். ஓர் ஏப்பம் விட்டார். வயிற்றுவலி நிஜமாகவே போய்விட்டது. அதில் அவருக்கு வந்த நம்பிக்கையைப் பார்க்க வேண்டுமே. வண்டியைக் கிளப்பினார். அது முன்னைப்போலவே கத்தியது. "வேர் வரைக்கும் இறங்கணும்," என்று இன்னொரு தடவை போட்டார். அக்கா முற்றத்தில் சிவப்புப் புள்ளிகளைத் துடைத்துக்கொண்டே, சாப்பிட உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"இஸ்மாயில் என்னதாண்டா சொன்னார்? சொன்னதைச் சொன்னபடி சொல்லு."

அவள் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள். சொன்னபடி சொன்னால் அரை நொடியில் விஷயம் முடிந்தது. "மொழிபெயர்க்கப்படாதுன்னு அத்திம்பேர் உத்தரவு, அக்கா," என்று சொல்லிவிட்டு, இலையில் இருந்த மோரைக்கூட முடிக்காமல் எழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை நிலைமை கைமீறப் பார்த்தது. மார்க்கெட்டில் எதிரே வந்தார் இஸ்மாயில்.

"எந்தா சாறே, முறுக்கியோ?"

"மூணு வட்டம் முறுக்கி," என்றார் அத்திம்பேர், சிவந்த வாயோடு பெருமையாக. வட்டம் என்றால் தடவை.

இஸ்மாயிலின் முகம் மாறியது. "அத்ர வேண்டா சாறே. அதிகம் முறுக்கியா பிரி போகும்."

பிரி என்றால் திருகாணியின் மரை. அதிகம் இறுக்கினால் மரை தேய்ந்து போகும் என்றார். பேச்சு வழக்கில் பிரி போனவன் என்றால் மூளை கழன்றவன், அதை அத்திம்பேர் ஆபீசில் கேட்டிருக்கிறார். அன்று காலைதான் புகையிலை சேர்த்துப் போட்டு, தலை சுற்றி, பாதி வழியில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து எழுந்து வந்திருந்தார்.

"வாஸ்தவம்," என்றார் பணிவாக. "காலைல கொஞ்சம் போச்சு."

இஸ்மாயில் என்னைப் பார்த்தார். நான் பக்கத்துக் கடையில் தொங்கிய வாழைத்தாரைப் பார்த்தேன். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் மண்டி டிரைவரிடம் போய்ப் பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்றை இரவல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். வெட்கமும் ஆசையும் ஒரே இடுப்பில் நன்றாகவே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அத்திம்பேர் கடைசி முறையாக வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். எதிர்வீட்டுக் குழந்தை அழுதது. அவர் அணைத்துவிட்டு, சாவியை வேஷ்டி நுனியால் துடைத்து என் கையில் வைத்தார்.

"விளக்கு வைக்க இன்னும் மூணு மணி நேரம் இருக்கே, அத்திம்பேரே," என்றேன் மரியாதைக்கு.

"மூணு மணி நேரத்துல என்ன ஆயிடப் போறது? எடுத்துண்டு போ. மழையில நிறுத்தாதே." கண் கலங்கிவிட்டது அவருக்கு. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேகமாகச் சந்தின் முனையைத் தாண்டினேன்.

படகுத்துறைப் பக்கம் ஒரு சுவரோரமாக நிறுத்தி, இரண்டு நட்டையும் இறுக்கினேன். அத்திம்பேர் தளர்த்தி வைத்திருந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகினேன். கிளப்பினேன். டுப், டுப், டுப் என்று நிதானமாக, எண்ணிவிடலாம் போல நின்றது. ஆசை தீரப் பாலம் வரை போனேன். பாலத்தின் மேல் காற்று முகத்தில் அடித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அதோடு என் அறைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. என் கையில் வந்ததும் வண்டி எப்படி அடங்கிவிட்டது என்று அவர்கள் பார்க்க வேண்டாமா? ஐந்தரை மணிக்குச் சந்துக்குள் அதிக ஓசை இல்லாமல் நுழைந்து, வாசலில் எஞ்சினை அணைக்காமல் நின்றேன். டுப், டுப், டுப்.

அத்திம்பேர் வெளியே ஓடிவந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். ஹாண்டிலைத் தொட்டார். காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். அப்புறம் வானத்தைப் பார்த்தார். வெயில் இன்னும் ஓட்டின் மேல் இருந்தது.

"ஜயா, இங்கே வா," என்று கூப்பிட்டார். "அடங்கிடுத்து. ரெண்டு நாள் வைத்தியம் இப்போதான் வேலை செஞ்சிருக்கு. இன்னும் விளக்கு வைக்கலை பாரு." என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "நீ சொல்லு பிச்சு, நீதான் கூட இருந்தே. விளக்கு வைக்கறதுக்குள்ள அடங்கினா வண்டி எனக்குன்னுதானே பேச்சு?"

ஸ்பானர் இடுப்பில் குத்தியது. வண்டி அடங்கியது என்னால்தான் என்று நிரூபிக்க ஒரே நிமிஷம் போதும். நிரூபித்தால் அடுத்த கேள்வி, எப்போதிலிருந்து எனக்குத் தெரியும் என்பது.

"ஆமாம், அத்திம்பேரே," என்றேன். "அதுதான் பேச்சு."

அக்கா வாசற்படியில் நின்று, வண்டியை ஒரு தடவையும் கருத்துப்போன என் விரல்களை இரண்டு தடவையும் பார்த்தாள். அவருக்குப் புரியாதபடி மலையாளத்தில் ஏதாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"கொல்லையில சோப்பு இருக்கு, கையை அலம்பிக்கோ," என்றாள் தமிழில். "சாவியைக் குடுத்துட்டுப் போ."