ஆம்பியர் சான்றிதழ்

"கடைசியா நான் வாங்கின ஆம்பியருக்குச் சான்றிதழ் எங்கே சார்?" என்று மோட்டார் கேட்டதும் எட்வின் மல்டிமீட்டரைக் கீழே வைத்தார். பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார்கள், முந்தைய இடத்துச் சான்றிதழ் இல்லாமல் புது இடத்தில் கரண்ட் வாங்குவதில்லை.

"எடைக்கு வாங்கினது. தாள் ஒண்ணும் தரலையே."

"அப்போ நான் கம்பியைத் தொட மாட்டேன்."

மணி ஏழேகால். இரவுப் பணி முடிந்து வந்த மனைவி ஜெசிந்தா, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பத்து நாளாக அவளுக்குப் பகல் தூக்கம் இல்லை. நேற்று பஸ்ஸில் நின்றபடியே தூங்கி மூன்று நிறுத்தம் தாண்டி இறங்கியிருந்தாள். அந்த வீட்டு ஜன்னல் திரையைக் கையால் மூடினால், கையை எடுத்ததும் திறந்துகொள்ளும். யாராவது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எட்வினுக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அதனால்தான் தனக்குப் பதிலாகப் பிடிக்க இந்த மோட்டாரைத் திரையோடு மாட்டியிருந்தார்.

"என்னங்க, வெயில் கால்மாட்டுக்கு வந்துடுச்சு."

எட்வின் மோட்டாரின் முதுகில் இருந்த சீட்டைப் படித்து, பவர் சப்ளையை மூன்று வோல்ட்டில் வைத்தார்.

மோட்டார் அசையவில்லை. "பதினெட்டு வருஷ சர்வீஸ் சார். மூணு வோல்ட்டைக் குடுத்து அவமானப்படுத்துறீங்களா?"

அவர் பதறி இருபத்துநாலுக்கு ஏற்றினார். மோட்டாருக்கு ஆம்பியரை அளந்துவிடும் டிரைவர் அட்டையின் சிறிய திருகையும் கடைசிவரை திருகிவிட்டார். மோட்டார் இரண்டு சுற்று சுற்றி நின்றது. கம்பிச்சுருள் சூடேறி ரெசின் வாடை வந்தது.

"வோல்ட்டைத் தாராளமா குடுங்க, அது மரியாதை. ஆம்பியரை அளந்து குடுங்க சார், அது சாப்பாடு. இப்படித் திணிச்சா யாருக்குச் செரிக்கும்?"

"எவ்வளவுன்னு நீயே சொல்லேன்."

"நானே எப்படி சார் சொல்றது? சான்றிதழ்தான் சொல்லணும்."

ஜெசிந்தா எழுந்து வந்து மோட்டாரின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பின்பு கைப்பையிலிருந்து மருத்துவமனைத் தாள் ஒன்றை எடுத்து எழுதினாள்: ஓடும்போது ஒரு ஆம்பியர். பிடித்துக்கொண்டு நிற்கும்போது அரை. மணிக்கொரு முறை சூடு பார்க்கவும்.

"இது மெடிக்கல் சர்டிபிகேட் மாதிரி இருக்கே," என்றது மோட்டார். குரல் இறங்கியிருந்தது.

"ஆமா."

"டாக்டர் கையெழுத்து?"

"ரவுண்ட்ஸ் போயிருக்கார். வந்ததும் போடுவார். நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

மோட்டார் கம்பியைத் தொட்டது. எட்வின் திருகைப் பின்னால் திருப்பி ஒரு ஆம்பியரில் நிறுத்தினார். திரை நூல் பிடித்தாற்போல் நகர்ந்து, தலையணையைத் தொடவிருந்த வெயிலை வெளியே தள்ளி மூடிக்கொண்டது. மூடியதும் மோட்டார் அரை ஆம்பியரில் அதை அப்படியே பிடித்து நின்றது. கட்டிலுக்குத் திரும்பிய ஜெசிந்தா தலை சாய்க்கும் முன்பே தூங்கிவிட்டாள்.

எட்வின் சத்தமில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். வெயில் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"அவ எழுந்திரிக்க மத்தியானம் ரெண்டு மணி ஆகும்," என்று வெயிலிடம் மெதுவாகச் சொல்லி, உள்ளேயிருந்து அதற்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.