மூன்றாவது தட்டு

என் சித்தி ஒரே ஒரு பாட்டால் பெயர் வாங்கியவள். அறுபத்தாறில் வந்த இசைத்தட்டு. நான்கு சரணம். மூன்றாவது சரணத்துக்கு வார்த்தை கிடையாது. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு முனகுவாள். உறையில் இப்படி அச்சிட்டிருந்தது: நாட்டுப்பாடல். இயற்றியவர் தெரியவில்லை. மூன்றாம் சரணம் கிடைக்கவில்லை.

அதை மறுபடி வெளியிடப் போவதாக இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வந்தார். கூடவே ஒரு பக்கக் குறிப்பு வேண்டுமாம். பாட்டு எப்படிக் கிடைத்தது, வந்தபோது ஜனங்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று. நான் முப்பது வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும் என்றார். சித்தி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். இந்தப் பாட்டோடு வளர்ந்தவள் நான். எனக்கு இரண்டு வயதில் அம்மா காய்ச்சலில் போனாள். அப்பா மறு கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். வளர்த்தது சித்தி. ஐம்பத்து நான்கு வயதிலும் அவளுக்கு நான் பாப்பா. சின்ன வயதில் சில முறை அவளை அம்மா என்று கூப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் திருத்துவாள். சித்தின்னு சொல்லு.

பாட்டின் கதை எளிது. ஆற்றோரம் ஒரு வீடு. உள்ளே தங்கை. வெளியே அக்கா கதவைத் தட்டுகிறாள். முதல் சரணம் அந்த வீட்டைப் பற்றியது. இரண்டாவது இது.

முதல் தட்டு தட்டையிலே மூங்கில் இலை உதிரும்,
ரெண்டாம் தட்டு தட்டையிலே ரெட்டைக் கிளி பறக்கும்.

பிறகு அந்த முனகல். பிறகு கடைசிச் சரணம்.

நாழி அரிசி வேகும் முன்னே நடந்து போனா அக்கா,
வாசல் வந்து பார்த்த தங்கை வாயடைச்சு நின்னா.

அவ்வளவுதான். தங்கை ஏன் திறக்கவில்லை என்பது பாட்டில் இல்லை.

அந்தக் காலத்தில் வானொலியில் புதுப் பாடகர்களிடம் சொந்தப் பாட்டு வாங்க மாட்டார்கள். பெயர் பெற்ற கவிஞர் எழுதியிருக்க வேண்டும், அல்லது பழம்பாட்டாக இருக்க வேண்டும். சித்தி இருபது வயதில் தேர்வுக் குழுவின் முன்னால் நின்று இதைப் பாடினாள். எங்கே கேட்டாய் என்றார்கள். ஆற்றில் துணி துவைக்கும் பெண்களிடம் என்றாள். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, இதை நான் தொட்டிலில் கேட்டிருக்கிறேன் என்று சொன்னாராம். அதோடு தேர்வு முடிந்தது. குறிப்பின் முதல் பத்தி இது. வாசித்துக் காட்டியபோது சித்தி சிரித்தாள்.

இரண்டாவது பத்தி, பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பு. கயிறு தாண்டும் பிள்ளைகள் அதை எண்ணிக்கைப் பாட்டாக்கினார்கள். பூட்டுக் கம்பெனி ஒன்று, எத்தனை தட்டினாலும் திறக்காது என்று விளம்பரம் போட்டது. தொலைந்துபோன மூன்றாம் சரணம் எங்களிடம் இருக்கிறது என்று நேயர்கள் வானொலிக்கு எழுதினார்கள். எங்கள் ஊர்ப் பாட்டு, எங்கள் தாத்தா பாடுவார், இதோ சரணம். இருநூற்றுக்கும் மேலே கடிதங்கள். வானொலிக்காரர்கள் அவற்றைச் சித்திக்கு அனுப்பிவிட்டார்கள். பரண்மேல் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன.

ஒரு ஞாயிறு காலை இறக்கினேன். மதியம்வரை வாசித்தேன். எல்லோரும் தங்கை ஏன் திறக்கவில்லை என்பதற்குக் காரணம் எழுதியிருந்தார்கள். தாழ்ப்பாள் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது. தங்கைக்குக் காது கேட்காது. வாசலில் பாம்பு. தங்கைக்கு ஜுரம், எழ முடியவில்லை. நாற்பது பேருக்குமேல் அவளைத் தூங்க வைத்திருந்தார்கள். ஒருவர்கூட அவள்மேல் பழி போடவில்லை.

அவற்றில் ஒன்று நன்றாக இருந்தது. தையல்காரர் ஒருவர் எழுதியது. இரவெல்லாம் அக்காவுக்காகக் காத்திருந்த தங்கை விடியும்போது கண்ணயர்ந்துவிடுகிறாள். இதையே மூன்றாம் சரணமாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். கம்பெனிக்காரரும் போனில் சம்மதித்தார். சித்தியிடம் வாசித்துக் காட்டினேன்.

"அதைப் போடாதே," என்றாள்.

நல்லாத்தானே இருக்கு என்றேன். தையல்காரர் அளவெடுத்துத் தைத்தமாதிரி உட்காருது என்றேன்.

"தூங்கலை, பாப்பா."

பாட்டில் வருகிறவளைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். தூங்காமல் என்ன செய்தாளாம் என்று கேட்டேன்.

"பாடிட்டு இருந்தா. அன்னைக்கு அவளுக்குக் குரல் சோதனை."

பேனா மூடியைத் தேடி எடுத்தேன். மூடினேன். திறந்தேன்.

அவள் நிறுத்தாமல் சொன்னாள். ரொம்ப நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தவளைப் போல. அக்கா அதற்கு முன் மூன்று முறை புருஷனிடம் அடிவாங்கி, பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறாள். மூன்று முறையும் என் அப்பா பின்னாலேயே வந்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறார். மூன்று முறையும் அக்கா அவரோடு திரும்பிப் போய்விட்டாள். நாலாவது முறை காலை பத்து மணி. கதவைத் திறந்தால் அழுகை, சமாதானம், பஞ்சாயத்து. நாள் போய்விடும். சோதனை பதினொன்றரைக்கு. கொஞ்ச நேரம் வெளியே நிற்கட்டும், புத்தி வரட்டும் என்று சித்தி உட்கார்ந்திருந்தாள். தட்டுவது காதில் விழாமலிருக்கக் குரலை உயர்த்திப் பாடினாள்.

"ரெண்டு தட்டுத்தான் கேட்டுச்சு. மூணாவது வரலை," என்றாள்.

யார் அக்கா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு ஒரே அக்காதான்.

காய்ச்சல் என்றேன். அது அக்கம்பக்கத்துக்குச் சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது என்றாள்.

பிறகு அவள் எழுந்து பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தாள். நாலாக மடித்தது. மடிப்பில் கிழிந்திருந்தது. அவள் கையெழுத்து, ஆனால் சின்னப் பெண்ணின் கையெழுத்து.

மூணாம் தட்டு தட்டலையே, முழங்கை ரெண்டும் ஓஞ்சு,
படியோரம் இறக்கி வச்சா, பால் மணக்கும் பிஞ்சு.

பழக்கதோஷம், பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இன்னொருமுறை வாசித்தேன். அப்போதுதான் பிஞ்சு யார் என்று புரிந்தது.

இருநூறு கடிதங்களில் ஒன்றிலும் குழந்தை கிடையாது.

"நான் எவ்வளவு நேரம் படியில இருந்தேன்?"

"நீ அழவே இல்லை."

"நேரம் கேட்டேன்."

"பாட்டை முடிச்சுட்டுத்தான் எழுந்தேன். கால் மணி இருக்கும்."

என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஆறு இரண்டு தெரு தள்ளி. படித்துறையில் துணி துவைக்கும் பெண்கள், கரையில் கிடத்தியிருந்ததைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தி இவளைக் கண்டதும் குழந்தையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நீ பார்க்க வேண்டாம் என்றாள். அந்தப் பெண்களிடம் கேட்டதாகத் தேர்வுக் குழுவில் சொன்னது முழுப் பொய்யில்லை, முடிவை அவர்களிடம்தான் கேட்டேன் என்றாள் சித்தி.

அன்றைக்குச் சோதனைக்குப் போகவில்லை. எட்டு மாதம் கழித்துப் போனாள், இந்தப் பாட்டோடு. சொந்தப் பாட்டு என்றால் வாங்க மாட்டார்கள் என்று தெரியும். வழக்கில் இல்லாத நாழியைப் போட்டாள். பெயர்களை எடுத்தாள். புதுத்துணியைக் கசக்கிப் பழசாக்குவதுபோல் ஒவ்வொரு வரியையும் கசக்கினாள்.

"பழைய பாட்டுன்னா எங்கேயாவது ஓட்டை இருக்கணும். எனக்கு ஓட்டை தயாரா இருந்துச்சு," என்றாள்.

பிறகு, நாற்பது பேர் என்னைத் தூங்க வச்சாங்க பாப்பா, அம்பது வருஷமா ஒருநாள் நல்லாத் தூங்கினதில்லை என்றாள். அதை ஒரு நகைச்சுவையாகத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

திங்கள்கிழமை அச்சகத்தில் ஒரு பள்ளிப் பாடப்புத்தகத்தின் ஒரே பக்கத்தை ஒருமணி நேரம் பார்த்தேன். முப்பத்தாறாம் பக்கம் அறுபத்து மூன்று என்று போயிருந்தது. அது என் கண்ணில் படவில்லை. பக்கம் வடிவமைப்பவர் வந்து காட்டினார். உடம்பு சரியில்லையா அக்கா என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். படி என்று தெரிந்ததும் எழுந்து நின்றேன்.

அன்று மாலை குறிப்பைத் திருத்தி எழுதினேன். இயற்றியவர் என்ற இடத்தில் சித்தியின் பெயரைப் போட்டேன். மூன்றாம் சரணத்தை முழுதாகக் கொடுத்தேன். பாட்டில் வரும் அக்கா பாடகியின் அக்கா, குழந்தை நான் என்று எழுதினேன். மொத்தம் பதினொரு வாக்கியம். சித்தியிடம் காட்டினேன். அனுப்பு என்றாள்.

வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது குறைந்தது. அவள் சமைத்து மேஜைமேல் மூடிவைப்பாள். நான் அச்சகத்துக்கு எதிரே டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வருவேன். காலையில் அவள் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பாள். கொட்டிவிட்டுக் கழுவிவைப்பாள்.

வியாழக்கிழமை மாலை கம்பெனிக்காரர் போன் செய்தார். குரலை ரொம்ப மென்மையாக வைத்துக்கொண்டார். குறிப்பை ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியரிடம் காட்டினார்களாம். மற்ற மூன்று சரணமும் குறைந்தது இருநூறு வருஷப் பழசு, ஒருவர் எழுதியிருக்க வாய்ப்பே இல்லை என்று அவர் சொல்லிவிட்டாராம். அந்தக் குழந்தைச் சரணம் மட்டும் சமீபத்தில் யாரோ சேர்த்தது, ஓஞ்சு, பிஞ்சு என்று இயைபு ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம். வயசானவங்களுக்குப் பாடிப்பாடி அது தன் கதைன்னே தோணிடும், நீங்க மனசுல வச்சுக்காதீங்க என்றார் கம்பெனிக்காரர். தையல்காரர் சரணம்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. உறை அச்சுக்குப் போய்விட்டது.

நான் மறுத்துப் பேசினேன். சத்தமாகக்கூடப் பேசினேன். அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம்மா, ஆமாம்மா என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். சித்தி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

நம்பலை என்றேன். பேராசிரியர் சொன்னதையும் இயைபையும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரரா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

 தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நீ?" என்றாள்.

"என்ன, நான்?"

"நீ நம்புறியா?"

"நம்பாம இருந்தா சாப்பிட்டிருப்பேனே."

அவள் என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் தோள் இரண்டும் மெல்லத் தளர்ந்தன. தலையை ஆட்டினாள். சரியான கணக்கைக் கேட்டவள்போல மறுபடி ஆட்டினாள். அவள் முகத்தில் வந்தது நிம்மதி. அவ்வளவு நிம்மதியை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. 

சித்தி மேஜைமேல் இருந்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.