நெற்றி நாற்று

இண்டூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 2024 ஆடி மாதம் நாற்பத்தொரு பேருடைய நெற்றியில் கேழ்வரகு முளைத்தது. அந்த வாரம் தக்காளி விலை சரிந்திருந்ததால் ஊர் அதைத்தான் பெரிதாகப் பேசியது.

எல்லாம் யாகப்பன் செய்த வேலை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பயிற்சிக்குப் போய்வந்தவர், மரவள்ளிக் குச்சியைக் குழியில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, சாம்பலாக விடாமல் கரியாக்கி, சத்துச் செத்த தன் அரை ஏக்கரில் கொட்டி உழுதார். பயிற்சியில் அதற்குப் பயோசார் என்று பெயர், ஊரில் கரி. எருவில் ஊறவைத்துப் போடச் சொன்னதை மனுஷன் மறந்துவிட்டார். முதல் வருஷம் கரி இருந்த சத்தையும் தானே உறிஞ்சிக்கொண்டது.

"மூணு வருசம் பாக்கறனுங்க. வெளையலீன்னா நெலத்த வித்துப்புட்டு ஓசூர்ல பையன் வூட்டுக்குப் போயிரலாங்க" என்றார் மனைவி சகாயராணி. பையன் வீடு நான்காவது மாடி. யாகப்பன் அங்கே போனால் அன்றைக்கே திரும்பிவிடுவார்.

கரி சுட்ட அதே மாசியில், கோயிலின் பழைய குருத்தோலைகளை எரித்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குச் சாம்பல் தரும் முறையும் அவருடையது. கைப்பழக்கத்தில் அதையும் மூடிக் கரியாக்கிவிட்டார். நீ மண்தான் என்று சொல்லித்தான் பங்குச் சாமியார் அதை நெற்றிகளில் சிலுவையாகப் பூசினார். யாரும் இந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. சிலுவை சோப்புக்கும் போகவில்லை, சீயக்காய்க்கும் போகவில்லை. முதல் வருஷம் வேர்வையைக் குடித்தது, அடுத்த வருஷம் சும்மா இருந்தது. மூன்றாம் வருஷம் களத்தில் தூற்றிய கேழ்வரகு ஒட்டி, ஆடியில் முளைத்தது.

அந்த ஆடியில் மழை ஏமாற்றி, வட்டாரத்து நாற்றங்கால் எல்லாம் காய்ந்தன. யாகப்பன் நிலம் மட்டும் ஈரம் விடாமல் பொலபொலவென்று கிடந்தது. நடத்தான் நாற்றில்லை, சகாயராணி வைத்த கெடுவோ அந்த மாதத்தோடு முடிகிறது.

ஞாயிறு பூசை முடிந்ததும் பக்கத்து வயல் இன்னாசி வந்து, முட்டி போட்டு, நெற்றியை மண்ணில் வைத்தார். நிமிர்ந்தபோது நாற்று நிலத்தில் நின்றது, நெற்றியில் அடுத்தது முளைத்தது. பிறகு ஊரே வந்து குனிந்தது. ஸ்டெஃபி மட்டும் செல்ஃபி எடுத்துவிட்டுக் குனிந்தாள். பொழுது சாய்வதற்குள் நாற்பது பேர் நட்டும் நடுவில் ஒரு திட்டு காலியாக நின்றது.

அப்போது சகாயராணி வரப்பில் வந்தார். பத்து நாளாக ஓசூருக்குப் பெட்டி கட்டியவர், பத்து நாளாக முக்காட்டை எடுக்கவில்லை. இப்போது எடுத்தார். ஊரிலேயே செழிப்பான நாற்று அவர் நெற்றியில்தான் இருந்தது.

"அந்த வூட்ல மண்ணே இல்லீங்களே, இத எங்கங்க நடறது?" என்று சொல்லிக் குனிந்தார். யாகப்பன் வெட்கமில்லாமல் அழுதார்.

ஆறு மூட்டை விளைந்தது. கரி நூறு வருஷம் மண்ணில் இருக்கும் என்கிறார்கள். நெற்றிக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. ஆடி மாதம் மட்டும் பூசை கால் மணி நேரம் முன்னதாக முடிகிறது. நாற்று வாடிவிடும் என்று பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார்.